பட்டன் இருக்கிறது, பிடிப்பு இருக்கிறதா?

சேலம் பக்கமிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு அக்டோபர் காலை, அந்த வழியாக இறங்கிக்கொண்டிருந்தேன். லேசான தூறல், வேகம் 25க்கு மேல் இல்லை. ஒரு வளைவில் பின் பிரேக்கைக் கொஞ்சம் மிதித்தேன், அவ்வளவுதான், பின்சக்கரம் சத்தமே இல்லாமல் வெளிப்பக்கமாக நழுவி வண்டி படுத்துவிட்டது. முட்டியில் சிராய்ப்போடு எழுந்தேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் நிதானமாக வந்துகொண்டிருந்ததால் அதோடு போயிற்று.

வண்டியை நிமிர்த்தி டயரைப் பார்த்தால் பட்டன், அதாவது பள்ளங்களுக்கு நடுவே துருத்தி நிற்கும் ரப்பர் மேடு, நன்றாகவே இருந்தது, நகம் உள்ளே போகிற ஆழம். 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. வாங்கும்போது கடைக்காரரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி "எவ்வளவு கிலோமீட்டர் வரும்ணா?" என்பதுதான். "முப்பதாயிரம் தாராளமா ஓடும் தம்பி" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, ஓடியிருக்கும். ஆனால் டயரின் பக்கச் சுவரில் இருந்த தேதியை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன். அந்த ரப்பருக்கு வயது ஏழு.

அதற்கப்புறம் டயர் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான்: பிடிப்பும் தேய்மானமும் இரண்டு தனித்தனி விஷயங்கள் இல்லை. ரோட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே நடக்கும் ஒரே சம்பவம், அதை நாம் இரண்டு பெயரில் கூப்பிடுகிறோம். இது புரிந்தால் கடையில் கேட்கிற கேள்வியே மாறிவிடும்.

ரப்பர் ரோட்டை எப்படிப் பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வுக் கணக்கு, அதாவது எடைக்கு ஏற்ப உராய்வு கூடும், பரப்பளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது, மரக்கட்டைக்கும் இரும்புக்கும் சரி, ரப்பருக்குச் சரிப்படாது. ரப்பர் இரண்டு வழியில் பிடிக்கிறது. ஒன்று ஒட்டுதல். ரப்பரின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் ஜல்லிக்கல்லின் மேற்பரப்பில் ஒட்டி, இழுபட்டு, பிய்ந்து, மறுபடியும் ஒட்டும், இது கணத்துக்குக் கணம் கோடிக்கணக்கான இடங்களில் நடக்கிறது. இதற்கு ரப்பரும் கல்லும் நேருக்கு நேர் தொட வேண்டும். நடுவில் தண்ணீரோ புழுதியோ எண்ணெயோ ஒரு மெல்லிய படலமாக வந்தாலே இது பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாவது வழி அவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குப் படாது. சப்பாத்தி மாவில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்று மெதுவாக நிரம்பும், ஒரு ரப்பர் பந்தை அழுத்தி விட்டால் சட்டென்று பழைய உருவத்துக்கு வந்துவிடும். டயர் ரப்பர் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. தார் ரோட்டில் துருத்திக்கொண்டிருக்கும் ஜல்லி முனைகள் ரப்பருக்குள் புதைகின்றன. டயர் நழுவப் பார்க்கும்போது ரப்பர் அந்த முனையின் ஒரு பக்கத்தில் ஏறி மறுபக்கத்தில் இறங்க வேண்டும். ஏறும் பக்கம் முழு பலத்தோடு மோதுகிறது, இறங்கும் பக்கமோ மாவு போலத் தாமதமாகத்தான் நிரம்புகிறது, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து திருப்பித் தள்ளும் பலம் குறைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் நழுவலைத் தடுக்கும் விசையாக மாறுகிறது. ரோடு நனைந்திருக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது முக்கியமாக இந்த இரண்டாவது வழிதான், ஏனென்றால் நடுவே தண்ணீர் இருந்தாலும் கல் முனை ரப்பருக்குள் புதைவது நிற்பதில்லை.

ஆக, ரப்பர் எவ்வளவு மந்தமாகத் திரும்புகிறதோ அவ்வளவு பிடிப்பு. அந்த மந்தத்தில் தொலையும் சக்தி வெப்பமாகிறது, ஓடிய டயரைத் தொட்டால் சூடாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துளிகூட நழுவாமல் உருளும் டயர் பிரேக்கையோ வளைவையோ தாங்கும் விசையைத் தரவே தராது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் வண்டியின் வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்ற வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் இந்த நழுவல் பத்து சதவீதத்தை ஒட்டிய அளவில் இருக்கும்போதுதான் அதிகபட்சப் பிடிப்பு கிடைக்கும். அந்த நுண்ணிய நழுவலில்தான் கல் முனைகள் ரப்பரைத் துணுக்குத் துணுக்காகக் கிள்ளி எடுக்கின்றன. அதைத்தான் தேய்மானம் என்கிறோம். தேயாமல் பிடிக்கும் டயர் கிடையாது.

இதில் எவ்வளவு கொடுத்து எவ்வளவு வாங்குவது என்பதுதான் டயர் செய்கிறவர்களின் வேலை. நூறு வருடத்துக்கு முந்தைய படங்களைப் பார்த்தால் டயர்கள் வெளிறிப்போய் இருக்கும், துத்தநாக ஆக்சைடு கலந்த ரப்பர் அது, சீக்கிரம் தேய்ந்துவிடும். 1910களில் கார்பன் கரித்தூளைச் சேர்க்க ஆரம்பித்தபோது ரப்பரின் உறுதி பல மடங்கு ஏறியது, டயர் கறுப்பானதும் அப்போதிருந்துதான். அதன் பின் பல பத்தாண்டுகள் ஒரே இழுபறி: பிடிப்பைக் கூட்டினால் ஆயுள் குறையும், உருளும்போது ஆகும் சக்தி விரயமும் கூடி மைலேஜ் அடிவாங்கும். 1992ல் மிச்செலின் கம்பெனி கார் டயரில் கரித்தூளுக்குப் பெரும்பங்கு மாற்றாக, மணலில் இருக்கும் பொருளான சிலிக்காவைக் கொண்டுவந்தபோது இந்த முடிச்சு ஓரளவு அவிழ்ந்தது.

எப்படி என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பைக் சக்கரம் வினாடிக்கு எட்டுச் சுற்று போலச் சுற்றுகிறது. டயர் தரையில் அமுங்கி எழுவது அந்த எட்டு தடவைதான், அது மெதுவான அசைவு. ஆனால் டயர் நழுவப் பார்க்கும் தருணத்தில் ஜல்லியின் பொடி முனைகள் ரப்பரைத் தட்டுவது வினாடிக்கு ஆயிரக்கணக்கில், அதற்கும் மேலே. மெதுவான அசைவில் பந்து போலத் துள்ளி, வேகமான அசைவில் மாவு போல மந்தமாகிற ஒரு ரப்பர் இருந்தால் மைலேஜும் கெடாது, பிடிப்பும் கிடைக்கும். சிலிக்காவைச் சரியான இணைப்பு ரசாயனத்தோடு கலந்தால் ரப்பர் கிட்டத்தட்ட அப்படி நடந்துகொள்கிறது. குறிப்பாக ஈர ரோட்டில். இன்று நல்ல பைக் டயர் விளம்பரங்களில் சிலிக்கா என்ற சொல் அடிக்கடி வருவதன் பின்னணி இதுதான், அது வெறும் விளம்பர வார்த்தை இல்லை.

பைக்குக்கு ரொம்பவே பொருந்தும் இன்னொரு தந்திரமும் உண்டு. கார் டயர் தட்டையானது, அதன் முழு அகலமும் எப்போதும் ரோட்டில் இருக்கும். பைக் டயர் உருண்டையானது, நேராகப் போனால் நடுப்பகுதி, சாய்ந்தால் ஓரம். எந்த நேரத்திலும் ரோட்டைத் தொடுவது ஏறக்குறைய உள்ளங்கை அளவு இடம்தான். அதனால் நடுவில் கெட்டியான ரப்பர், ஓரங்களில் மிருதுவான ரப்பர் என்று இரண்டு கலவையை ஒரே டயரில் வைக்கலாம். நெடுஞ்சாலை கிலோமீட்டரை நடுப்பகுதி தாங்கும், மலை வளைவை ஓரம் தாங்கும். தூரப் பயணம் போகிறவர்கள் கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தாவது இதை வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

நம் ஊர் டயர்களின் கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1946ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் டயர் செய்யும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா என்று, நாடு முழுவதும் ஓடும் பைக் டயர்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டுக் கம்பெனிகளுடையது. இவர்களால் நல்ல பிடிப்புள்ள டயர் செய்ய முடியாது என்பதெல்லாம் தப்பான பேச்சு, செய்கிறார்கள். ஆனால் 100 சிசி வண்டியில் மூன்று பேரையும் ஒரு சிமெண்ட் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டுகிறவர், கடையில் வந்து கேட்பது கிலோமீட்டரைத்தான். அவர் வருமானத்துக்கு அந்தக் கேள்வி நியாயமானது. கேள்விக்கு ஏற்ற ரப்பர் வருகிறது: நைலான் இழை, கனமான பட்டன், கெட்டியான கலவை. ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியின் பின் டயர் 30,000, சில சமயம் 40,000 கிலோமீட்டர் ஓடுவது அதனால்தான். அதே ரோட்டில் டியூக் 390 போன்ற வண்டியின் மிருதுவான டயர் 10,000ஐச் சுற்றியே முடிந்துவிடுகிறது, 350 சிசி வண்டிகளின் பின் டயர் பெரும்பாலும் 15,000லிருந்து 20,000 வரை. ஆயிரம் சிசி வண்டியில் ஸ்போர்ட்ஸ் டயர் போட்டு முறுக்கினால் 4,000, 5,000ல் பின் டயர் போய்விடும். உலகின் முதன்மையான பைக் பந்தயமான மோட்டோஜிபியில் ஒரு பந்தயம் 100 முதல் 120 கிலோமீட்டர் தூரம், அந்தத் தூரத்தோடு அந்த டயரின் வாழ்க்கையே முடிகிறது.

மோட்டோஜிபி டயரில் பட்டனே இருக்காது என்பதைக் கவனித்திருப்பீர்கள். காய்ந்த நாளில் அவர்கள் ஓட்டுவது முழு வழுக்கை டயர், அதை வைத்துக்கொண்டுதான் 60 டிகிரியைத் தாண்டிச் சாய்க்கிறார்கள். பட்டன்தான் பிடிப்பைத் தருகிறது என்று நம்மில் பலர் நினைப்பது தவறு. காய்ந்த ரோட்டில் பள்ளம் எதுவும் பிடிப்பைக் கூட்டாது, மாறாகத் தொடும் ரப்பரைக் குறைக்கிறது, பட்டன்கள் தனித்தனியாக வளைந்து ஆடவும் செய்யும். ஸ்டைலுக்காகப் பெரிய பெரிய பட்டன் வைத்த மண் ரோட்டு டயரைப் போட்டுக்கொண்டு ஈ.சி.ஆரில் சாய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மண்ணில் அது ராஜா, தார் ரோட்டில் சாதாரண டயரைவிடப் பிடிப்பு குறைவு. அந்தப் பள்ளங்கள் தார் ரோட்டு டயரில் இருப்பது ஒரே வேலைக்குத்தான்: தண்ணீரை ஒதுக்க. மழையில் தண்ணீருக்குப் போக வழி இருந்தால்தான் ரப்பர் கல்லைத் தொடும். மொட்டை டயர் காய்ந்த ரோட்டில் நன்றாகவே ஓடி நம்மை நம்பவைத்துவிட்டு முதல் மழையில் கைவிடுவது இதனால்தான்.

அதற்காக மோட்டோஜிபி டயரை மாட்டிக்கொண்டால் பிடிப்பு பிய்த்துக்கொண்டு போகும் என்றும் இல்லை. அந்த ரப்பர் சூடானால்தான் வேலை செய்யும், பந்தயத்துக்கு முன் 90, 100 டிகிரி வரை சூடேற்றும் போர்வையைச் சுற்றி வைத்திருப்பார்கள். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு எட்டுக் கிலோமீட்டர், நடுவில் பத்து சிக்னல் என்று ஓட்டுகிற நமக்கு அந்தச் சூடு ஒருநாளும் வராது, ஆறிய பந்தய ரப்பர் சாதாரண ரோட்டு டயரைவிட மோசம். நம் ஓட்டத்துக்கு, கிளம்பிய முதல் நிமிடத்திலிருந்தே ஓரளவு பிடிக்கிற டயர்தான் வேண்டும்.

சரி, ஏற்காட்டில் என்ன நடந்தது? கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்த்தேன். வளைவில் திரும்ப எவ்வளவு பிடிப்பு வேண்டும் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போக, வண்டி எடையில் ஏறக்குறைய பாதிக்குச் சமமான பக்கவாட்டு விசை வேண்டும், அதாவது உராய்வு எண் 0.49, வண்டி 26 டிகிரி சாய்ந்திருக்கும். காய்ந்த ரோட்டில் நல்ல டயர் 0.8, 0.9, சில சமயம் 1 வரைகூடத் தரும், பிரச்சினையே இல்லை. ஈர ரோட்டில், ஜல்லி சொரசொரப்பாக இருந்து ரப்பரும் நன்றாக இருந்தால் 0.6 போலக் கிடைக்கலாம். ரோடு வழவழத்துப்போய் ரப்பரும் கெட்டித்துப்போயிருந்தால் 0.4க்குக் கீழேயும் இறங்கும். அன்றைக்கு வளைவே அந்த எல்லையைத் தின்றுகொண்டிருந்தது, அதன் மேல் நான் பிரேக்கை மிதித்தேன். டயரிடம் இருக்கும் பிடிப்பு ஒரே கையிருப்பு, திரும்ப, நிறுத்த, முடுக்க எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இறக்கத்தில் பின்சக்கரத்தின் மேல் எடையும் குறைவு. அதே வளைவில் 20ல் போயிருந்தால் தேவை 0.31தான். வெறும் ஐந்து கிலோமீட்டர் குறைத்தால் தேவைப்படும் பிடிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. இந்த எண்ணைப் பார்த்த நாளிலிருந்து மழையில் மலை இறங்கும்போது என் கை தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

இனி வயது. டயர் தேய்ந்து சாவதைவிட மூத்துச் சாவது நம் ஊரில் அதிகம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வருடத்துக்கு 3,000, 4,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகள் வீட்டுக்கு வீடு நிற்கின்றன. ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்துத்தான் டயர் ஆக்குகிறார்கள், கந்தகம் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறது. தொழிற்சாலையை விட்டு வந்த பிறகும் இந்த முடிச்சுப் போடும் வேலை முழுதாக நிற்பதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது, ரப்பரை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்கள் மெல்ல வெளியேறுகின்றன. முடிச்சு கூடக் கூட ரப்பர் கெட்டியாகிறது, கெட்டியானால் ஜல்லி முனை உள்ளே புதையாது. புதையவில்லை என்றால் மேலே சொன்ன இரண்டாவது பிடிப்பு, அதாவது மழைக்கால பிடிப்பு, போயிற்று. பட்டன் மட்டும் முழுசாக நிற்கும். கெட்டியான ரப்பர் குறைவாகத்தானே தேயும், அதனால் அது நன்றாக இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியும். என் டயர் விஷயத்தில் என்னை ஏமாற்றியது இதுதான்.

வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த மாதிரி வேதிவினைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்பது வேதியியலில் பழகிய கணக்கு. சித்திரை வெயிலில் தார் ரோடு 60 டிகிரியைத் தொடும் ஊர் நம்முடையது. பல டயர் கம்பெனிகள் ஐந்து வருடத்துக்கு மேல் வருடா வருடம் பரிசோதிக்கச் சொல்கின்றன, பத்து வருடமானால் பட்டன் இருந்தாலும் மாற்றச் சொல்கின்றன. குளிர் நாடுகளையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. வேலூரிலோ மதுரையிலோ வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஐந்து வருடமே அதிகம் என்பது என் கருத்து.

ஓசோனும் ஒரு எதிரி. அதைத் தடுக்க டயரில் மெழுகும் சில ரசாயனங்களும் கலந்திருப்பார்கள், டயர் அமுங்கி நெளியும்போது அவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு படலமாக நிற்கும். டயர் ஓரத்தில் சில சமயம் பழுப்பாகத் தெரிவது அதுதான், அழுக்கு இல்லை. ஓடினால்தான் அது கசியும். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனவரின் வண்டி தார்ப்பாய்க்குள் இரண்டு வருடம் நின்றால் பக்கச் சுவரில் பூனை கீறியது போல வெடிப்புகள் வருகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே இடத்தில் காற்றில்லாமல் நிற்பது இன்னும் கெடுதல்.

வயதைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகள் இருந்தால் அந்த வரிசையின் கடைசியில், இல்லாவிட்டால் தனியாக ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள், நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். கடையில் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள், புது டயர் என்று தருவது மூன்று வருடம் அலமாரியில் இருந்ததாக இருக்கலாம். இருட்டான, குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால் ஓரிரு வருடம் பெரிய நஷ்டம் இல்லை, ஆனால் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தால் நான் வாங்கமாட்டேன். அதே பக்கச் சுவரில் 120/80-18 62P போல ஒன்று இருக்கும். 62 என்றால் அந்த டயர் 265 கிலோ தாங்கும், P என்றால் 150 கிலோமீட்டர் வேகம் வரை. ஐரோப்பாவில் கார் டயருக்கு ஈரப் பிடிப்பு எவ்வளவு என்று மதிப்பெண் ஒட்டி விற்கிறார்கள், பைக் டயருக்கு அங்கேயும் அது கிடையாது. இரண்டு சக்கரத்தில் போகிறவனுக்குத்தான் அந்தத் தகவல் அதிகம் தேவை, அவனுக்கு மட்டும் கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம்.

தேய்மானத்துக்கு வருகிறேன். பின் டயர் ஏன் முதலில் போகிறது என்றால் இஞ்சினின் விசை முழுவதும் அது வழியாகத்தான் ரோட்டுக்குப் போகிறது, பெரும்பாலும் கூடுதல் எடையும் அதன் மேல்தான். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடினால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும். அப்போது உருண்டையான டயருக்கு இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு வந்துவிடும், வண்டியைச் சாய்க்கும்போது முதலில் அடம்பிடித்து அப்புறம் சட்டென்று விழுவது போல இருக்கும். சென்னை பெங்களூரு ரோட்டிலேயே 15,000 ஓட்டிவிட்டு வால்பாறையின் 40 வளைவுகளுக்குப் போனவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள். வேகமும் டயரைத் தின்னும். 60லிருந்து 120க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதைத் தள்ளப் பின் டயர் ரோட்டை அவ்வளவு கூடுதலாக உந்த வேண்டும், நுண்ணிய நழுவலும் அதோடு கூடும்.

காற்று அழுத்தம் பற்றித் தனியாகவே எழுதலாம், அவ்வளவு அலட்சியம். குறைவாக இருந்தால் டயர் அதிகம் நெளிந்து சூடாகி ஓரங்களில் தேயும், வளைவில் வண்டி குழையும். அதிகமாக இருந்தால் தொடும் இடம் சுருங்கி நடுப்பகுதி தேயும், சின்னக் குழியிலும் துள்ளும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது செயின் கவர் பக்கமோ பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும், பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்பதும் அதிலேயே உண்டு. அதை டயர் ஆறியிருக்கும்போது அடிக்க வேண்டும், 10 டிகிரி சூட்டுக்கு அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ. போல ஏறிவிடும் என்பதால் 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பார்த்தால் கணக்கு தப்பும். நைட்ரஜன் அடித்தால் எல்லாம் சரியாகும் என்று நம்ப வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஒரு அளவுமானி வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை பார்ப்பது போதும்.

அகலமான டயர் மாட்டும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 120 மில்லிமீட்டர் அகல டயர் இருக்கும் ரிம்மில் 140ஐத் திணித்தால் டயரின் ஓரங்கள் உள்பக்கமாக இழுபட்டு உருவம் கூர்மையாகிவிடும், நேராகப் போகும்போது தொடும் இடம் குறையும், சாய்க்கும்போது வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

எப்போது மாற்றுவது? பள்ளங்களுக்குள் அங்கங்கே சின்ன மேடுகள் இருக்கும், பக்கச் சுவரில் முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ அந்த இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் டயர் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் இரண்டு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் என்றும் காருக்கு 1.6 என்றும் வைத்திருக்கின்றன. 0.8 சட்டத்துக்குப் போதும், ஐப்பசி மழைக்குப் போதாது. நான் 2 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன், அதுவும் மழைக்காலத்துக்கு முன்னால். முன் டயரைப் பொறுத்தவரை இன்னும் கறாராக இருங்கள். பின்சக்கரம் நழுவினால் சில நேரம் சமாளிக்கலாம், முன்சக்கரம் நழுவினால் யோசிக்கவே நேரமிருக்காது. பின்னால் இரண்டு டயர் மாற்றும்வரை முன்னால் ஒன்றே ஓடும் என்பது பலருடைய வழக்கம், அதில் அந்த முன் டயருக்கு எட்டு வயது ஆகியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

எவ்வளவு நல்ல டயரானாலும் பாதிப் பிடிப்பு ரோட்டுடையது. கோடைக்கப்புறம் வரும் முதல் மழை, அதிலும் அதன் முதல் பத்து இருபது நிமிடம், மாதக்கணக்கில் சேர்ந்த எண்ணெய், புழுதி, ரப்பர் துகள் எல்லாவற்றையும் குழைத்து ரோட்டில் பூசிவிடும். நல்ல கனமழை அதைக் கழுவிவிடும், தூறல் கழுவாது. பஸ் ஸ்டாண்ட் வாசல் திருப்பங்களில் டீசல் சிந்தியிருக்கும். பாலங்களின் இரும்பு இணைப்புகள், வெள்ளைக் கோடுகள், பேவர் பிளாக், சாக்கடை மூடிகள், ஈரத்தில் இவை எதுவும் டயருக்கு ஜல்லி முனை தருவதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அறுவடைக் காலத்தில் கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டி ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று. அந்தத் தண்டின் மேல் பிரேக் பிடித்தால் எந்த ரப்பரும் உதவாது. ஆயுத பூஜைக்கு மறுநாள் தெருவில் உடைந்து கிடக்கும் பூசணிக்காயும் அப்படித்தான், வருடா வருடம் போலீஸ் எச்சரித்தும் வருடா வருடம் ஆட்கள் விழுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று சொல்லலாம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம், நல்ல விஷயம். ஆனால் அது இருக்கும் பிடிப்பை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளும், இல்லாத பிடிப்பை உண்டாக்காது.

வாட்டர் சர்வீஸ் விட்டால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: டயருக்கு பாலிஷ் வேண்டாம், அடியில் டீசல் அடிப்பதும் வேண்டாம். பளபளவென்று கறுப்பாக்கித் தருகிற அந்தத் திரவம் பக்கச் சுவரோடு நிற்காமல் ஓரப் பட்டனுக்கு வழிந்துவிடும், அந்த ஓரம் ரோட்டைத் தொடுவது நீங்கள் சாயும்போதுதான்.

ஏற்காட்டிலிருந்து வந்த வாரம் இரண்டு டயரையும் மாற்றினேன். கடைக்காரரிடம் இந்த முறை கேட்டது வேறு: எந்த வாரத்து டயர், நடுவிலும் ஓரத்திலும் ஒரே ரப்பரா, மழையில் எப்படி என்று இதை மாட்டியவர்கள் யாராவது வந்து சொன்னார்களா. அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியம், ஆனாலும் உள்ளே போய் நான்கைந்து டயர்களைப் புரட்டி ஆறு வாரத்துக்கு முந்தைய ஒன்றை எடுத்துவந்தார். மாட்டி முடித்ததும் "முதல் நூறு கிலோமீட்டர் சாய்க்காதீங்க தம்பி" என்றார். அது அவர் சொன்ன மிகச் சரியான விஷயம். அச்சிலிருந்து வந்த புது ரப்பரின் மேல்தோல் வழவழவென்று இருக்கும், அது லேசாகச் சொரசொரத்த பிறகுதான் ஜல்லியோடு ஒட்டும். அந்த நூறு கிலோமீட்டரைக் காய்ந்த ரோட்டில், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டி ஓட்டினேன். இந்த டயர் 16,000 கூட வராது என்று தெரியும். இப்போது 11,000 ஆகிறது, பக்கச் சுவரில் இருக்கும் எண்ணைக் கணக்குப் பார்த்தால் இன்னும் இரண்டு மழைக்காலம்.